ஸ்விம்பெய்ட்டைக் கொத்துகிறது, ஆனால் மாட்ட மாட்டேன் என்கிறது

டல்லாஸிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "டெக்சஸின் லேக் ஃபோர்க் ஏரியில் 5 அங்குல பேடில் டெயில் ஸ்விம்பெய்ட் (துடுப்பு வால் வைத்த ரப்பர் மீன்) போட்டு பாஸ் மீன் பிடிக்கிறேன். பத்துத் தடவை கொத்தினால் மூன்றுதான் மாட்டுகிறது. 6/0 அளவில் எடை சேர்த்த முள், 65 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு), நல்ல விறைப்பான ராட் (தூண்டில் கம்பு). கொத்தியதும் ராடை இன்னும் வேகமாகச் சுண்ட வேண்டுமா?"

வேண்டாம். நீங்கள் இப்போதே அவசரப்பட்டுத்தான் சுண்டுகிறீர்கள் என்று தோன்றுகிறது.

ஆனால் கையைக் குறை சொல்வதற்கு முன்னால், வீட்டு மேசையில் வைத்து ஒன்று பாருங்கள். ரப்பர் மீனை முள்ளில் கோர்த்து, முள்முனைக்குப் பக்கத்தில் முதுகைக் கட்டைவிரலால் அமுக்குங்கள். முனை பளிச்சென்று வெளியே நீட்டிக்கொண்டு வர வேண்டும். அமுக்க அமுக்க ரப்பர் முள்ளின் வளைவுக்குள் பந்து மாதிரி திரண்டு அடைத்துக்கொண்டால், மீன் வாயிலும் அதேதான் நடக்கும், முனை தாடையைத் தொடவே தொடாது. அப்படியானால் வாய் அகலமான முள்ளுக்கு மாறுங்கள், இல்லையென்றால் ரப்பரின் வயிற்றில், முள் நுழையும் இடத்திலிருந்து, பிளேடால் நீளவாக்கில் கீறி விடுங்கள். கடிபட்டதும் உடல் மடங்கிக் கீழே இறங்கிவிடும். முனையை முதுகுத் தோலில் லேசாக ஒட்டி வைத்தால் போதும், உள்ளே புதைக்காதீர்கள். முள்ளை நகத்தில் வைத்து இழுத்தும் பாருங்கள், வழுக்கினால் மழுங்கிவிட்டது.

சரி, இப்போது கைக்கு வருவோம். பாஸ் பொதுவாக இரையைப் பல்லால் கவ்வுவதில்லை, வாயை அகலத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி, தண்ணீரைச் செவுள் வழியாகத் தள்ளிவிடுகிறது. நரம்பு விண்ணென்று இருந்தால் இரை வாய்க்குள் முழுசாகப் போகாது, அந்த நேரம் பார்த்து நீங்களும் 'டக்' என்றதும் ராடை மேலே வீசினால் திறந்த வாயிலிருந்து நீங்களே உருவி எடுத்துக் கொடுத்த மாதிரிதான். அதனால் கொத்து விழுந்ததும் ஒன்றும் செய்யாமல் அதே வேகத்தில் ரீலைச் சுற்றிக்கொண்டே இருங்கள். ராட் கனத்து வளையும், அப்போது பக்கவாட்டில் அழுத்தமாக இழுங்கள். சொல்வது சுலபம், பெரிய மீன் இடிக்கும்போது கை கேட்காது; எனக்கே அது படிய ஒரு சீசன் போனது.

பிரெய்டு நீளாது, உங்கள் ராடும் விறைப்பு. இரண்டும் சேர்ந்தால் மீனுக்கு உறிஞ்ச அவகாசமே இல்லை. 7 அடி 3 அங்குலத்துக்குக் குறையாத மீடியம் ஹெவி ராட், நுனி மட்டுமல்லாமல் நடுவரை வளைகிற மாடரேட் ஃபாஸ்ட் வகை, அதில் 17 பவுண்டு ஃப்ளோரோகார்பன் நரம்பு, இதுதான் என் தேர்வு. ரொம்பத் தளர்வான ராடும் ஆகாது, 6/0 முள்ளின் கம்பி தடிமன், உள்ளே இறக்க வலு வேண்டும். ஹைட்ரில்லா பாசி அடர்ந்த இடத்தில் பிரெய்டை விட முடியாதுதான், அங்கே ராடை மட்டும் மாற்றுங்கள்.

பாசியோ பட்ட மரமோ இல்லாத திறந்த தண்ணீரில் முனையை ஏன் மறைக்கிறீர்கள்? முள் வெளியே தெரிகிற ஜிக் ஹெட்டில் (தலையில் எடை வார்த்த முள்) கோர்த்துப் போடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

வாலை மட்டும் கடித்துவிட்டுப் போனால் அது வேறு கதை. பின்னாலேயே வருகிறது, நம்பிக்கை வரவில்லை. 4 அங்குலத்துக்கு இறங்குங்கள், அல்லது ரீலை இரண்டு சுற்று வேகமாகச் சுற்றிவிட்டு ஒரு நொடி நிறுத்துங்கள். தவறவிட்டதும் இரையைப் படகுக்கு இழுத்துவிடாதீர்கள், அப்படியே மூழ்க விடுங்கள், பல சமயம் அதே மீன் திரும்பி வரும்.

அப்புறம், ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸைத் திரும்ப விட்டாக வேண்டும் என்பது தெரிந்திருக்கும். மாட்டுவது கூடினால் முள் கழற்றும் வேலையும் கூடும், நீள மூக்குக் குறடு ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.