நான்காம் நாள் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நான் நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன், 22 வருடமாகிறது. சென்ற மாதம் எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். 'டிஜிட்டல் வகுப்பறை' என்று தலைப்பு. மொத்தம் 11 செயலிகள் காட்டினார்கள். வினாடி வினா நடத்த ஒன்று, வீடியோ வெட்ட ஒன்று, சுவரொட்டி செய்ய ஒன்று, இப்படி. ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு, தனி பாஸ்வேர்டு. பயிற்சி நடத்த வந்த கருத்தாளர் இளைஞர், நல்ல பையன்தான். ஆனால் அவர் கை போன வேகத்துக்கு என் கண் போகவில்லை. கடைசி நாள் சான்றிதழ் கொடுத்து, எல்லோரையும் நிற்கவைத்துப் படமெடுத்து அனுப்பிவிட்டார்கள்.

நான்காம் நாள் ஆசையாக எட்டாம் வகுப்புக்கு ப்ரொஜெக்டரைக் கொண்டுபோனேன். லேப்டாப்பில் படம் தெரிகிறது, சுவரில் வெறும் நீலம். கேபிளைக் கழற்றி மாட்டினேன், அணைத்துப் போட்டேன். கால் மணி நேரம் போய்விட்டது. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து வந்து ஏதோ இரண்டு பட்டனை அழுத்தினான், படம் வந்துவிட்டது. வகுப்பே கைதட்டியது, அவனுக்கு. அதற்கப்புறம் நான் ப்ரொஜெக்டரைத் தொடவில்லை.

உங்களிடம் கேட்க மூன்று விஷயங்கள் இருக்கின்றன. எனக்கு வயதாகிவிட்டதா? உண்மையிலேயே இதனால் பிள்ளைகளுக்குப் பயன் உண்டா, இல்லை கரும்பலகையே போதுமா? கடைசியாக ஒரு வேடிக்கை: பயிற்சிக்குப் போய்வந்தவள் என்பதால், அடுத்த மாதம் எங்கள் பள்ளியின் மற்ற ஆசிரியர்களுக்கு நான்தான் ஒரு நாள் பயிற்சி கொடுக்க வேண்டுமாம். என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம்.)

---

அன்புள்ள டீச்சர்,

படமெடுத்து அனுப்பிவிட்டார்கள் என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அந்த மாதிரிப் படங்களில் நடுவில் நிற்கிற ஆளாகச் சில வருடம் இருந்தவன் நான். முழுநேரமாக எழுத வருமுன் ஆசிரியர் பயிற்சிகளில் கருத்தாளராகப் போய்வந்தேன். உங்களுக்கு மூன்று நாளில் 11 செயலிகள் என்றால், நான் ஒரே நாளில் 14 காட்டியிருக்கிறேன். அதில் பெருமை வேறு.

ஒரு நாள் மதிய இடைவேளையில், பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆசிரியை என்னிடம் வந்து, "சார், நாளைக்கு எனக்கு ஒளிச்சேர்க்கைப் பாடம். இந்த 14-ல் எதை எடுத்துக்கட்டும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பாடத்தை அவர் எத்தனை பாடவேளையில் நடத்துவார், பிள்ளைகள் எங்கே தடுக்கிவிழுவார்கள் என்று யோசித்தே பார்த்ததில்லை. "எல்லாமே பயன்படும் மேடம்" என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஆசிரியர்கள் தலையாட்டுவதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி உங்கள் கேள்விகள். வயதைப் பற்றிக் கேட்டீர்கள். 1986-ல் லீ ஷுல்மன் என்ற கல்வியாளர் எளிமையான, ஆனால் அதுவரை யாரும் அழுத்திச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். பாடம் தெரிவது ஓர் அறிவு, வகுப்பை நடத்தத் தெரிவது ஓர் அறிவு, இவை இரண்டும் கலந்த மூன்றாவது அறிவு ஒன்று இருக்கிறது, நல்ல ஆசிரியரிடம் இருப்பது அதுதான் என்றார். குறிப்பிட்ட ஒரு பாடத்தில் பிள்ளைகள் எதைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், எந்த உதாரணம் எடுபடும் என்று தெரிந்திருப்பதுதான் அந்த மூன்றாவது அறிவு. 2006-ல் மிஸ்ராவும் கோலரும் அதோடு தொழில்நுட்ப அறிவையும் சேர்த்தார்கள். அதைத் தனியாகக் கற்றுக்கொடுத்துப் பலனில்லை, மற்ற இரண்டோடும் கலந்தால்தான் வகுப்பறைக்கு ஆகும் என்பது அவர்கள் வாதம். இந்தக் கணக்குப்படி பார்த்தால், பாடம், நடத்தும் விதம், தொழில்நுட்பம் என்ற மூன்றில் உங்களிடம் முதல் இரண்டும் ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் சேர வருடக்கணக்காகிற இரண்டு. உங்கள் கருத்தாளரிடம் இருந்தது ஒன்றுதான். அந்த ஒன்றைச் சில வாரங்களில் பழகிவிடலாம்.

உங்கள் பாடத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். மின்சுற்று. பல்புக்குள் போகிற மின்னோட்டத்தில் கொஞ்சம் பல்பிலேயே செலவாகி, மிச்சம்தான் திரும்பி வருகிறது என்று வகுப்பில் பாதிப் பேராவது நினைப்பார்கள். எத்தனை தடவை சொன்னாலும் இந்த நினைப்பு போகாது. ஏனென்றால் கம்பிக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. ஃபெட் என்று, கணினித் திரையிலேயே சோதனை செய்துபார்க்க உதவும் இலவச உருவகங்களின் தொகுப்பு ஒன்று இருக்கிறது. இயற்பியலில் நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதில் பேட்டரி, கம்பி, பல்பு எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு ஒரு சுற்று அமைக்கலாம். பல்புக்கு முன்னாலும் பின்னாலும் துகள்கள் ஒரே வேகத்தில் நகர்வது கண்ணெதிரே தெரியும். இரண்டு பக்கமும் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர் வைத்தால் ஒரே எண்தான்.

ஆனால் சும்மா போட்டுக் காட்டினால் அது இன்னொரு பொம்மைப் படம், அவ்வளவுதான். "பின்னால் உள்ள அம்மீட்டர் எவ்வளவு காட்டும்? எழுதுங்கள்" என்று முதலில் கேட்டு, பலரும் தப்பாக எழுதிய பிறகு பட்டனை அழுத்தினால்தான் அது பாடம். எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும், எந்த நொடியில் நிறுத்த வேண்டும் என்பது அந்தச் செயலியைச் செய்தவரைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பயன் உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். இதை விற்கிறவர்கள் நூறு வருடமாக ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். 1913-லேயே எடிசன், பள்ளிகளில் புத்தகத்துக்கு இனி வேலையில்லை, பத்தே வருடத்தில் சினிமாப் படங்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்றார். அப்புறம் வானொலி, அப்புறம் தொலைக்காட்சி, அப்புறம் கணினி. பெரு நாட்டின் கிராமப்புறங்களில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு லேப்டாப் கொடுத்துப் பார்த்தார்கள். 319 பள்ளிகளை வைத்துச் செய்த அந்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. பிள்ளைகள் கணினியை நன்றாகவே பயன்படுத்தினார்கள். ஆனால் கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் ஏறவில்லை. பெட்டி வந்தது, பாடம் நடத்துகிற விதம் மாறவில்லை.

இதோடு இன்னொரு கதையையும் வைத்துப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்தது. ஹார்வர்டில் எரிக் மாசூர் என்ற இயற்பியல் பேராசிரியர். மாணவர்களிடம் நல்ல பெயர், தானும் நன்றாக நடத்துவதாகவே நம்பிக்கொண்டிருந்தார். ஒரு நாள் கணக்கே இல்லாத, வெறும் கருத்தைச் சோதிக்கிற ஒரு தேர்வை வைத்தார். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதுவதா, நான் நினைக்கிறபடி எழுதுவதா என்று கேட்டார். மாசூர் ஆடிப்போய்விட்டார். 1991-லிருந்து வகுப்பையே மாற்றினார். கொஞ்ச நேரம் விளக்குவார், பிறகு நான்கு விடைகளோடு ஒரு கேள்வி போடுவார். ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடையைக் காட்ட வேண்டும். முக்கால்வாசிப் பேர் சரியாகச் சொன்னால் மேலே போய்விடுவார். மிகச் சிலரே சரியென்றால் திரும்ப விளக்குவார். இரண்டுக்கும் நடுவில் இருந்தால்தான் விசேஷம்: பக்கத்தில் இருப்பவரோடு சண்டை போட்டு அவரை ஒப்புக்கொள்ள வையுங்கள் என்பார். இரண்டு மூன்று நிமிடம் ஒரே இரைச்சல். மறுபடி விடை காட்டச் சொன்னால் சரியானவர்களின் எண்ணிக்கை ஏறியிருக்கும்.

விடை காட்டுவதற்குப் பிறகு மின்னணுக் கருவிகள் வந்தன, ஆளுக்கொரு பட்டன். கனடாவில் லாஸ்ரி என்பவர் ஒரு கல்லூரியில் ஒரு குழுவுக்கு அந்தக் கருவியையும், இன்னொரு குழுவுக்கு ஏ, பி, சி, டி எழுதிய சாதாரண அட்டைகளையும் கொடுத்து, மாசூரின் முறையில் நடத்திப் பார்த்தார். 2008-ல் முடிவை வெளியிட்டார். இரண்டு குழுவும் கற்றுக்கொண்டதில் வித்தியாசம் இல்லை. பலன் கேள்வியிலும் அந்த இரைச்சலிலும் இருந்தது, கருவியில் இல்லை. எண்ணும் வேலை மிச்சம், யார் என்ன விடை சொன்னார்கள் என்ற கணக்கு கையில் இருக்கும், அதுதான் கருவியால் வந்த லாபம். அதுவும் லாபம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

ஆகவே 'கரும்பலகையே போதும்' என்பதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். அட்டையால் ஆகிற வேலைக்குச் செயலி வேண்டாம். ஆனால் கரும்பலகையால் ஆகாத வேலைகளும் இருக்கின்றன. மின்சுற்றுக்குள் நடப்பதைச் சொன்னேன். உங்கள் பள்ளியில் உயர்வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர் இருந்தால் அவருக்கு ஜியோஜீப்ரா என்ற கணித வரைபடச் செயலியைக் காட்டுங்கள். இருபடிச் சமன்பாட்டின் வரைபடத்தில் முதல் கெழுவை, அதாவது x²-க்கு முன்னால் நிற்கிற எண்ணை, மட்டும் மெதுவாக நகர்த்தினால், வளைவு விரிந்துகொண்டே வந்து, கெழு பூஜ்யத்தைத் தொடும்போது நேர்கோடாகி, அதைத் தாண்டினதும் குப்புறக் கவிழும். அதை சாக்பீஸில் எத்தனை படம் வரைந்து காட்டுவது?

இப்போது மூன்றாவது கேள்வி, உங்கள் கையில் கொடுக்கப்பட்டிருக்கும் அந்த ஒரு நாள். முதல் காரியமாக, அந்த ஒரு நாளை உடைக்க முடியுமா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். ஒன்றரை மணி நேரமாக மூன்று தடவை, நடுவில் இரண்டு வாரம் இடைவெளி. ஜாய்ஸ், ஷவர்ஸ் என்ற இருவர் 1980-களிலேயே இதை எழுதிவைத்தார்கள்: விளக்கிச் சொல்வதாலும் செய்துகாட்டுவதாலும் ஆசிரியர்களுக்கு விஷயம் புரியும், ஆனால் வகுப்புக்குள் அது போய்ச்சேர வேண்டுமென்றால் திரும்பிவந்த பிறகு கூட ஒருவர் நின்று உதவ வேண்டும். உங்களுக்குக் கிடைக்காதது அதுதான். மூன்று நாளும் ஒழுங்காகத்தான் நடந்திருக்கும், நான்காம் நாள்தான் உங்கள் பக்கத்தில் யாரும் இல்லை.

அந்த 11 செயலிகளையும் மறந்துவிடுங்கள். ஒன்று போதும், கொஞ்சம் தைரியம் இருந்தால் இரண்டு. வரும்போது ஒவ்வொருவரும் அடுத்த வாரம் நடத்தப்போகிற ஒரு பாடத்தையும், அதில் பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறுகிற ஓர் இடத்தையும் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அந்த இடத்துக்கு எதுவும் பொருந்தவில்லை என்றால், பொருந்தவில்லை என்றே சொல்லிவிடலாம். நான் அன்றைக்கு அந்த ஆசிரியையிடம் சொல்லியிருக்க வேண்டியது அதுதான்.

மவுஸை நீங்கள் தொடாதீர்கள். இது கஷ்டம், சொல்லிவிடுகிறேன். ஒருவர் திணறும்போது கை தானாக நீளும். நீங்கள் செய்துகாட்டினால் அவர் பார்ப்பார், அவரே செய்தால்தான் நான்காம் நாள் கை ஞாபகம் வைத்திருக்கும். கேபிளையும் அவர்களே மாட்டட்டும், தப்பாக மாட்டட்டும். சக ஆசிரியர்கள் முன்னால் ஒரு தடவை அசடு வழிந்துவிட்டால், பிள்ளைகள் முன்னால் அவ்வளவாக உறுத்தாது. அப்புறம் இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுங்கள். முதல் தடவை வகுப்பில் பயன்படுத்தும்போது மற்றவர் வந்து பின்னால் உட்காரட்டும். மதிப்பிட அல்ல, கேபிளுக்காக. இதற்கு ஒரு பாடவேளை ஓய்வு தர வேண்டியது தலைமை ஆசிரியர், அதைக் கேட்டு வாங்குவதுதான் நீங்கள் செய்யக்கூடிய மிகப்பெரிய பயிற்சி வேலை என்பேன். இரண்டாவது கூட்டத்தில் புதிதாக எதுவும் வேண்டாம், யாருக்கு எங்கே சொதப்பியது என்று மட்டும் பேசுங்கள்.

இடையில் ஒரு எச்சரிக்கை, பயிற்சிகளில் இதை யாரும் சொல்வதில்லை. இலவசச் செயலிகளில் பிள்ளைகளின் முழுப் பெயர், பிறந்த தேதி, படம் எதையும் பதிவு செய்யாதீர்கள். வரிசை எண்ணோ புனைபெயரோ போதும். இணையம் இல்லாமலும் பாடம் நடக்கும்படி ஒரு வழியைப் பாடக்குறிப்பிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஃபெட் உருவகங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணைப்பு இல்லாமலே ஓடும்.

அடுத்து செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு மூன்று நாள் வரும், தயாராக இருங்கள். அதிலும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டியிருக்கும், நாளைக்கு எனக்கு இந்தப் பாடம், இதை வைத்து என்ன செய்ய? உங்கள் மின்சுற்றுக் கேள்விகளைக் கொடுத்து, அது சொல்கிற விடையில் எங்கே தப்பு என்று வகுப்பையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். அது ஒரு நல்ல பாடவேளையாகும்.

கடைசி பெஞ்சுப் பையனைப் பற்றி. அவனை ப்ரொஜெக்டருக்குப் பொறுப்பாளன் ஆக்கிவிடுங்கள், துணைக்கு ஒரு பெண்ணையும் போடுங்கள், இல்லாவிட்டால் பையன்கள் மட்டுமே மெஷினைத் தொடுகிற வழக்கம் வந்துவிடும். அவன் அழுத்திய இரண்டு பட்டன் எதுவென்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. விண்டோஸ் லேப்டாப் என்றால், கீழ்வரிசையில் ஜன்னல் படம் போட்ட பட்டனைப் பிடித்துக்கொண்டு ஆங்கில 'பி' எழுத்தை அழுத்துங்கள். நான்கு தெரிவுகள் வரும். அதில் 'டூப்ளிகேட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் லேப்டாப்பில் தெரிவது சுவரிலும் தெரியும்.