உபுண்டு லேப்டாப்பில் கிராஸ் கம்பைல் செய்த சி லைப்ரரி ராஸ்பெரி பை ஜீரோவில் ஓட மறுக்கிறது. எங்கே தவறு?

கிராஸ் கம்பைலர் (ஒரு மெஷினில் இருந்துகொண்டு வேறு வகை மெஷினுக்கான புரோகிராமைக் கட்டித் தருவது) போட்டாகிவிட்டது, கட்டுகிற ‘மேக்’ கட்டளை ஒரு பிழையும் சொல்லாமல் முடிகிறது, ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனால் மட்டும் ஓடவில்லை என்கிறீர்கள். இதே இடத்தில் நான் மூன்று வாரம் முட்டிக்கொண்டு நின்றவன். அதனால் புத்தகத்தில் இருக்கிற வரிசையில் சொல்லாமல், நான் அடிபட்ட வரிசையில் சொல்கிறேன். உங்கள் கோளாறு இதில் ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும்.

பாம்பனில் ஓர் ஐஸ் கம்பெனிக்காகச் செய்த வேலை இது. ஐஸ் கம்பெனியை உள்ளே பார்க்காதவர்களுக்கு: பெரிய உப்புத்தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதற்குள் உலோகக் கேன்களை இறக்கி, கேனுக்குள் நல்ல தண்ணீரை ஊற்றி உறைய விடுவார்கள். உப்புத்தண்ணீர் மைனஸ் 10 டிகிரி பக்கத்தில் நிற்க வேண்டும். படகு கடலுக்குப் போகும் நாளுக்கு முந்தின ராத்திரி தொட்டி சூடேறிவிட்டால், விடிகாலையில் ஐஸ் இல்லை, வாசலில் சண்டைதான். தொட்டியின் வெப்பமானி மோட்பஸ் (தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்கிற முறை) பேசும். அதை லிப்மோட்பஸ் லைப்ரரி வழியாகப் படித்து, குளிர் குறைந்தால் சைரன் அடிக்க வேண்டும். அதற்கு ஒரு ராஸ்பெரி பை ஜீரோ போதும் என்று முடிவு செய்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பை, ஒரே ஒரு சின்ன லைப்ரரி என்றால் கிராஸ் கம்பைலே வேண்டாம். பையிலேயே கம்பைலரைப் போட்டு அங்கேயே செய்துவிடுங்கள். லிப்மோட்பஸ் மாதிரி சின்னதெல்லாம் ஒரு டீ குடித்து வருவதற்குள் முடிந்துவிடும். நானும் முதல் பெட்டியை அப்படித்தான் முடித்தேன். பெட்டிகள் நான்கு ஐந்து ஆனபோது, கூடவே பெரிய லைப்ரரிகள் சேர்ந்தபோதுதான் தாங்கவில்லை. பை ஜீரோவில் ஒற்றை கோர், 512 எம்பி நினைவகம். பெரிய சி++ கோப்பு ஒன்று வந்தால் நினைவகம் போதாமல் மெமரி கார்டையே நினைவகமாக வைத்து (ஸ்வாப்) ஓட ஆரம்பிக்கும். பாதியில் கரண்ட் போனால் கதை முதலிலிருந்து.

சரி, விஷயத்துக்கு வருவோம். கட்டுவதற்கு முன் மெஷினைச் சோதித்து அமைப்புகளைத் தயார்செய்கிற கான்ஃபிகர் ஸ்கிரிப்டில் பில்ட், ஹோஸ்ட், டார்கெட் என்று மூன்று பெயர்கள் வரும். முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான், நானும் சறுக்கினேன். படகை வைத்துச் சொன்னால் எளிது. பில்ட் என்பது படகு கட்டுகிற கரை, ஹோஸ்ட் என்பது அது மிதக்கப்போகிற கடல். டார்கெட் உங்களுக்குத் தேவையே இல்லை. கம்பைலரையே கம்பைல் செய்கிறவர்களுக்குத்தான் அந்தப் பேச்சு. ‘டார்கெட்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பை-தானே நம் டார்கெட் என்று அதில் ஆர்ம் (பையின் சிப் வகை) பெயரைக் கொடுத்துவிட்டு ஹோஸ்டைக் காலியாக விட்டேன். கான்ஃபிகர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் என் லேப்டாப்புக்கான லைப்ரரியையே கட்டிக் கொடுத்தது. அதோடு கூடவே கட்டிய புரோகிராமைப் பையில் ஓட்டினால் ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’. ஆக, எதைச் செய்வதற்கு முன்பும் ‘ஃபைல்’ என்ற கட்டளையை உங்கள் கோப்பின் மேல் ஓட்டிப் பாருங்கள். அதில் எக்ஸ்86 (லேப்டாப்பின் சிப் வகை) என்று வந்தால் மேற்கொண்டு எதையும் தேட வேண்டாம், ஹோஸ்டைச் சரிசெய்யுங்கள்.

பாம்பனுக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் வடக்குக் கரையிலிருந்து தெற்குக் கரைக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் தென்கடல் கொந்தளித்துக்கொண்டிருக்க, வடகடல் சாதுவாகக் கிடக்கும். வாடைக் காலத்தில் நேர்மாறு. லேப்டாப்பிலும் லினக்ஸ், பையிலும் லினக்ஸ், பிறகென்ன வித்தியாசம் என்று நான் நினைத்தது, இரண்டு பக்கமும் ஒரே கடல்தானே என்பதைப் போலத்தான். கம்பைலரை மாற்றுவது சின்ன வேலை. லேப்டாப்பின் சரக்கு ஒன்றுகூட அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டு போகாமல் பார்ப்பதுதான் பாடு.

அப்படி ஒட்டிக்கொண்டு போனதில் முதலாவது ஜிலிப்சி, அதாவது எல்லா சி புரோகிராமும் சாய்ந்து நிற்கிற அடிப்படை லைப்ரரி. என்னிடம் இருந்தது உபுண்டு 22.04. அதன் ஆர்ம் கிராஸ் கம்பைலரோடு வருவது ஜிலிப்சி 2.35. பையில் இருந்தது அதன் ஓஎஸ்ஸின் புல்ஸ்ஐ பதிப்பு, அதில் 2.31. பழைய ஜிலிப்சியில் கட்டியது புதியதில் ஓடும், புதியதில் கட்டியது பழையதில் ஓடாது. பையில் ஓட்டியதும் ‘ஜிலிப்சி 2.34 காணவில்லை’ என்று வந்து நின்றது. 2.35-இல் கட்டிவிட்டு 2.34-ஐ ஏன் கேட்கிறது என்று அப்போது குழம்பினேன். 2021-இல் வந்த 2.34-இல்தான் பிதிரெட் (ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்ட உதவும்) லைப்ரரியைத் தனியாக வைக்காமல் ஜிலிப்சிக்குள்ளேயே கொண்டுவந்தார்கள், புரோகிராம் தொடங்கும் இடத்தையும் மாற்றினார்கள். அதற்குப் பிறகு கட்டுகிற சாதாரணப் புரோகிராம்கூட அந்த எண்ணைக் கேட்கும்.

இங்கே நான் செய்த கெட்டிக்காரத்தனம், எல்லாவற்றையும் ஸ்டாட்டிக்காகச் சேர்த்துவிட்டது. ஜிலிப்சியையும் உள்ளேயே கட்டிவிட்டால் பையிடம் எதையும் கேட்க வேண்டாமே! அந்தப் பிழை போனது. பதிலுக்கு ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று ஒரே வரி வந்து புரோகிராம் விழுந்தது.

உங்களிடம் இருப்பதும் பை ஜீரோ என்பதால் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பை ஜீரோவிலும் முதல் தலைமுறைப் பையிலும் இருப்பது ஆர்ம்1176 கோர். அது ஆர்ம் பதிப்பு 6. டெபியனும் உபுண்டுவும் ‘ஆர்ம்எச்எஃப்’ என்று சொல்வது பதிப்பு 7. ராஸ்பெரி பையின் 32 பிட் ஓஎஸ்ஸும் அதே ‘ஆர்ம்எச்எஃப்’ என்ற பெயரைத்தான் வைத்திருக்கிறது, ஆனால் அதற்குள் இருப்பது பதிப்பு 6. பெயர் ஒன்று, ஆள் வேறு. பதிப்பு 7-க்கான கட்டளைகளை 6-ஆம் பதிப்புக் கோர் கண்டதே கிடையாது.

‘எம்-ஆர்ச்’ என்ற அமைப்பில் ஆர்ம்வி6 என்று கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். தீராது. அது நீங்கள் எழுதின கோடைத்தான் மாற்றும். கம்பைலரோடு கூடவே வருகிற தொடக்கக் கோப்புகள், லிப்ஜிசிசி (கம்பைலரின் துணை லைப்ரரி), ஜிலிப்சி எல்லாம் ஏற்கெனவே பதிப்பு 7-க்குக் கட்டி வைத்தவை. அவை அப்படியே உள்ளே வந்து உட்காரும். ‘ரீட்எல்ஃப்’ கட்டளையை பெரிய ‘ஏ’ அமைப்போடு ஓட்டினால் ‘சிபியூ ஆர்ச்’ என்ற வரியில் வி6-ஆ வி7-ஆ என்று தெரியும். வி7 என்று வந்தால் அந்தக் கோப்பை பை ஜீரோவுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

எனக்குத் தீர்வாக அமைந்தது கிராஸ்டூல்-என்ஜி. கோர் ஆர்ம்1176, ஹார்ட் ஃப்ளோட் (தசமக் கணக்கைச் சிப்பே போடுவது), ஜிலிப்சி 2.31 என்று நாமே தேர்ந்தெடுத்து, கம்பைலரையும் ஜிலிப்சியையும் சேர்த்து முதலிலிருந்து கட்டிக்கொள்ளலாம். சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போடுகிற நேரம் எடுக்கும், ஆனால் ஒருமுறை கட்டினால் போதும். பணம் செலவழிக்க முடியுமென்றால் பை ஜீரோ 2-ஐ வாங்கி 64 பிட் ஓஎஸ் போட்டுவிடுங்கள். இந்த 6, 7 தகராறே அங்கே கிடையாது. ஜிலிப்சி கணக்கு மட்டும் எங்கே போனாலும் கூட வரும்.

அடுத்தது லிப்மோட்பஸ்ஸைக் கிராஸ் கம்பைல் செய்கிற பலரும் ஒருமுறை பார்த்துவிடுகிற பிழை. லைப்ரரி சத்தமில்லாமல் கட்டி முடியும். அதோடு உங்கள் புரோகிராமைச் சேர்க்கும்போது ‘ஆர்பிஎல்_மாலாக்’ என்று ஒன்றைக் காணவில்லை என்று லிங்கர் (கட்டிய துண்டுகளை ஒன்றாக ஒட்டும் கருவி) சொல்லும். நான் அப்படி எதையும் எழுதவில்லையே என்று தலையைச் சொறிவீர்கள். நடப்பது இதுதான். பூஜ்ஜியம் பைட் கேட்டால் இந்த மெஷினின் மாலாக் (நினைவகம் ஒதுக்கித் தரும் ஃபங்ஷன்) என்ன திருப்பித் தருகிறது என்று பார்க்க, கான்ஃபிகர் ஒரு குட்டிப் புரோகிராமைக் கட்டி ஓட்டிப் பார்க்கும். கிராஸ் கம்பைலில் அதை ஓட்ட முடியாது, ஆர்ம் புரோகிராமை லேப்டாப் எப்படி ஓட்டும்? எதற்கு வம்பு என்று மாலாக் சரியில்லை எனவே வைத்துக்கொண்டு, மாலாக் என்று வருகிற இடத்திலெல்லாம் அந்த மாற்றுப் பெயரைப் போட்டுவிடும். மாற்றாக வர வேண்டிய ஃபங்ஷனை யாரும் எழுதி வைக்கவில்லை. கான்ஃபிகரை ஓட்டுவதற்கு முன் ‘ஏசி_சிவி_ஃபங்க்_மாலாக்_0_நான்நல்’ என்ற மாறிக்கு ‘யெஸ்’ (yes) என்று மதிப்புக் கொடுத்துவிடுங்கள். ஜிலிப்சியில் அதுதான் உண்மையும்கூட, பொய் சொன்னதாக ஆகாது.

இன்ஸ்டால் செய்யும்போது டெஸ்ட்டிர் என்ற மாறியில் ஒரு தனி ஃபோல்டரைக் கொடுங்கள். அதைக் கொடுக்காமல் சூடோ போட்டு இன்ஸ்டால் செய்தால் ஆர்ம் லைப்ரரி நேரே உங்கள் லேப்டாப்பின் லைப்ரரிகளோடு போய்ப் படுத்துக்கொள்ளும். பேக்கேஜ்-கான்ஃபிக் (தேவையான லைப்ரரி எங்கே இருக்கிறது என்று தேடித் தரும் கருவி) பயன்படுத்துகிற லைப்ரரி என்றால், அது தேடுகிற ஃபோல்டரையும் பையின் சிஸ்ரூட் (பையின் லைப்ரரி, ஹெடர்களின் நகல் இருக்கும் ஃபோல்டர்) பக்கம் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் லேப்டாப்பின் ஹெடர்களை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒன்றும் தெரியாதது போல இருக்கும்.

நான் ராமநாதபுரத்தில் இருக்கிறேன். பாம்பனுக்குப் போய் வந்தால் அரை நாள் போய்விடும். அதனால் லேப்டாப்பிலேயே கியூஎமுவில் (வேறு சிப்பாக நடிக்கிற மென்பொருள்) ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். அதிலும் ஒரு குழி இருக்கிறது. சும்மா ஓட்டினால் கியூஎமு தனக்குத் தெரிந்த எல்லா வசதிகளும் உள்ள ஆர்ம் கோராக நடிக்கும். பதிப்பு 7 கோடும் அங்கே அழகாக ஓடும். சிபியூ ஆர்ம்1176 என்று சொல்லி ஓட்டினால்தான் பை ஜீரோவில் விழுவது இங்கேயும் விழும்.

இவ்வளவும் முடித்து, பெட்டியை மாட்டிவிட்டு வந்த அன்று ராத்திரி 2 மணிக்குப் போன் வந்தது. பின்னால் சைரன் அலறிக்கொண்டிருந்தது.

“தம்பி, தொட்டி 246 டிகிரினு காட்டுது. உள்ள என்ன கறிக்குழம்பா கொதிக்குது?”

அன்று தூக்கம் போனது. காலையில் முதல் பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். வெப்பமானி சரி, வயர் சரி, லிப்மோட்பஸ் கொடுத்த எண்ணும் சரி. டிகிரியை நான் போட்டு வைத்திருந்தது ஒரு ‘சார்’ மாறியில், அதாவது 8 பிட் எண்ணில். லேப்டாப்பின் எக்ஸ்86-இல் சார் என்றால் மைனஸ் 128 முதல் 127 வரை பிடிக்கும். ஆர்ம் லினக்ஸில் சார் 0 முதல் 255 வரை, மைனஸே கிடையாது. 256-இல் 10 போனால் 246. சி மொழி இதை அந்தந்த மேடைக்கே விட்டுவைத்திருக்கிறது. இரண்டு கம்பைலரும் சரிதான், நான்தான் தப்பு. வீட்டில் சோதித்தபோது வெப்பமானியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு 28 டிகிரி பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிட்டேன். பூஜ்ஜியத்துக்குக் கீழே ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

‘எஃப்-சைன்ட்-சார்’ என்ற கம்பைலர் அமைப்பைக் கொடுத்தாலும் இது சரியாகும். எனக்கு அது பிடிக்கவில்லை, அடுத்த முறை அதைக் கொடுக்க மறந்தால் மறுபடி 246. மாறியையே சைன்ட் 16 பிட் எண்ணாக மாற்றி, அங்கேயே சைரன் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் கம்பைல் செய்து பைக்கு ஏற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரை மைனஸ் 10 காட்டியது. டீயும் வடையும் வந்தன.