மலையாளப் பள்ளியில் படித்த கவிமணிக்குத் தமிழ் எங்கிருந்து வந்தது? கல்லூரிப் பணிக்கு அதில் பங்கு உண்டா?

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1876இல் தேரூரில் பிறந்தபோது நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்ததால், வீட்டில் தமிழ் பேசிய அவரும் பள்ளியில் மலையாளமே பயில நேர்ந்தது. தமிழ் இலக்கண இலக்கியங்களை அவருக்குக் கற்பித்தவர், வாணன்திட்டில் இருந்த திருவாவடுதுறை மடத்தின் சாந்தலிங்கத் தம்பிரான். எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இதன் அருமை நன்றாகவே தெரியும்; பள்ளி தராத தாய்மொழியை ஒரு மடம் தந்தது.

ஆசிரியர் பயிற்சி பெற்ற பின் கோட்டாறு, நாகர்கோவில், திருவனந்தபுரம் ஆகிய ஊர்களில் பணியாற்றினார். தலைநகரில் மகளிர் கல்லூரியிலும் கற்பித்து, 1931இல் ஓய்வு பெற்றுப் புத்தேரியில் தங்கினார். ஏறத்தாழ 36 ஆண்டுகள் மாணவர் முன் நின்ற அந்தப் பழக்கமே, குழந்தையும் ஒருமுறை கேட்டுத் திருப்பிச் சொல்லக்கூடிய எளிமையை அவர் பாடல்களுக்கு அளித்தது என்பது என் கருத்து.

எனினும் அவரைக் குழந்தைக் கவிஞராக மட்டும் நிறுத்திவிடுவது பெரும் குறை. 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்', தந்தையின் சொத்து மகனுக்குச் சேராமல் மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்குப் போன வழக்கத்தால் பெண்களும் பிள்ளைகளும் பட்ட துன்பத்தை ஒரு மனைவியின் வாய்மொழியாகவே சொல்கிறது. அவ்வழக்கத்தை மாற்றிய நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் 1926இல் வந்தது. பழங்காலக் கல்விச்சாலையாகக் கருதப்படும் காந்தளூர்ச் சாலை பற்றிக் கல்வெட்டுகளின் துணையோடு அவர் எழுதிய ஆய்வும், தமிழும் மலையாளமும் ஒருங்கே அறிந்த ஒருவரின் உழைப்பாக இன்றும் படிக்கத் தக்கது.