வானொலித் தரவரிசையும் விடுபடும் பெயர்களும்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஊரில் கேட்கும் எஃப்.எம். வானொலி ஒன்றில் ஞாயிறு இரவுதோறும் ஒரு பழைய ஆண்டை எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டின் ‘முதல் பத்துப் பாடல்களை’ப் பத்தாம் இடத்திலிருந்து முதலிடம் வரை வரிசையாக ஒலிபரப்புகிறார்கள். 1964ஆம் ஆண்டுக்கான நிகழ்ச்சியில் ‘படகோட்டி’ பாடலைக் கண்ணதாசன் எழுதினார் என்றும், ‘புதிய பறவை’க்கு இசை எம்.எஸ். விஸ்வநாதன் என்றும் சொன்னார்கள். எண்பதுகளுக்கு வந்தபோது ‘வாழ்வே மாயம்’ இளையராஜா இசை, ‘ராசாத்தி ஒன்ன’ ஜேசுதாஸ் பாடியது என்றார்கள். விஸ்வநாதன் இசையமைத்த ‘மெல்லத் திறந்தது கதவு’ படத்தையும் இளையராஜாவுக்கே கொடுத்துவிட்டார்கள். நிலையத்துக்கு எழுதினேன். பாட்டைக் கேட்டு மகிழுங்கள், இவையெல்லாம் சிறிய செய்திகள் என்று பதில் வந்தது. என் மகனும் அதையே சொல்கிறான். நான் தேவையில்லாமல் வருந்துகிறேனா?

ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சுட்டியிருக்கும் ஐந்தில் நான்கு ஐயத்துக்கு இடமில்லாத பிழைகள். ஐந்தாவதில் தொகுப்பாளர் சொன்னதும் பாதி, நீங்கள் சொல்வதும் பாதி. 1986இல் வந்த ‘மெல்லத் திறந்தது கதவு’ படத்துக்கு விஸ்வநாதனும் இளையராஜாவும் இணைந்து இசையமைத்தார்கள். அங்கே ஒருவர் பெயரை மட்டும் சொன்னால், அது யாருடைய பெயராக இருந்தாலும் குறைதான்.

உங்கள் வருத்தம் தேவையானது என்றே நினைக்கிறேன். பேச்சின் வேகத்தில் ஆண்டு ஒன்று மாறிப்போவதையும், படத்தின் பெயர் நாக்கில் தடுமாறுவதையும் நான் பொருட்படுத்துவதில்லை. நீங்கள் எழுதியிருப்பவை அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் எல்லாமே ஒரே திசையில் நகர்வது தெரியும். கங்கை அமரன் 1982இல் ‘வாழ்வே மாயம்’ படத்துக்கு அமைத்த இசை அவருடைய அண்ணனுக்குப் போகிறது. 1984இல் ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்துக்காகப் பி. ஜெயச்சந்திரன் பாடிய பாடல் ஜேசுதாஸுக்குப் போகிறது. ஏ. மருதகாசி எழுதிய ‘மணப்பாறை மாடு கட்டி’ பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் கணக்கில் சேர்க்கப்படுவதை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். இளையராஜாவின் பாட்டு கங்கை அமரனுக்கோ, ஜேசுதாஸின் பாட்டு ஜெயச்சந்திரனுக்கோ தவறிப்போனதாக எந்த வானொலியிலும் நான் கேட்டதில்லை. அறியாமல் நேரும் பிழை இரு பக்கமும் சமமாக விழவேண்டும். இது குறைவாகப் பேசப்படுகிறவரிடமிருந்து எடுத்து, ஏற்கெனவே நிறைய உள்ளவரிடம் சேர்த்துக்கொண்டே போகிறது.

இவற்றுள் என்னை அதிகம் வருத்துவது டி.கே. ராமமூர்த்தியின் பெயர் விடுபடுவது. திருச்சியிலிருந்து வந்த வயலின் கலைஞரான அவரும் விஸ்வநாதனும் 1952இல் ‘பணம்’ படத்தில் தொடங்கி 1965இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வரை இணைந்து இசையமைத்தார்கள். ‘கர்ணன்’, ‘காதலிக்க நேரமில்லை’, ‘புதிய பறவை’, ‘படகோட்டி’, ‘எங்க வீட்டுப் பிள்ளை’ ஆகிய எல்லாமே இருவர் பெயரையும் தாங்கிய படங்கள். பிரிந்த பிறகு விஸ்வநாதன் பல பத்தாண்டுகள் முன்வரிசையில் நின்றார். ராமமூர்த்திக்கு வாய்த்த படங்கள் குறைவு. பின்னாளில் விஸ்வநாதன் தனியாக ஈட்டிய புகழ், முன்னாளில் இருவரும் சேர்ந்து செய்த வேலையின் மீதும் படர்ந்துவிட்டது. ‘மெல்லிசை மன்னர்’ என்று ஒருமையில் சொல்லி ‘புதிய பறவை’ப் பாடலை ஒலிபரப்பும் தொகுப்பாளர், வேண்டுமென்று செய்யாவிட்டாலும், ஒரு கலைஞரின் வாழ்நாளில் மிகச் செழிப்பாக இருந்த பதின்மூன்று ஆண்டுகளை அழித்துவிடுகிறார். ராமமூர்த்தி 2013இல் மறைந்தார். இனி அவருக்கு நாம் தரக்கூடியது அந்தப் பெயரைச் சொல்வது ஒன்றுதான்.

கண்ணதாசன், வாலி குழப்பம் சற்று வேறானது. வாலி பெயர் தெரியாதவர் அல்லர். ஆனால் 1963இல் ‘கற்பகம்’ வந்த பிறகே பரவலாக அறியப்பட்ட அவர், அடுத்த ஆண்டு ‘படகோட்டி’யின் எல்லாப் பாடல்களையும் எழுதினார். ‘கொடுத்ததெல்லாம் கொடுத்தான்’, ‘தரைமேல் பிறக்க வைத்தான்’ இரண்டும் தத்துவச் சாயல் உடையவை என்பதனால், அறுபதுகளின் தத்துவப் பாட்டென்றால் கண்ணதாசன் என்ற பழக்கம் அவற்றையும் இழுத்துக்கொள்கிறது. புதிதாக வந்த கவிஞர் ஒருவர் அந்த வயதில் அப்படி எழுதினார் என்ற செய்தியே அந்தப் பாடல்களைப் பற்றிச் சொல்லத் தக்க முதல் செய்தி, அதுதான் காற்றில் போய்விடுகிறது.

பாடகர்களில் நிலைமை இன்னும் மோசம். ‘நிழல்கள்’ படத்தின் ‘பூங்கதவே தாழ் திறவாய்’ பாடலைத் தீபன் சக்கரவர்த்தியும் உமா ரமணனும் பாடினார்கள். ‘உல்லாசப் பறவைகள்’ படத்தின் ‘தெய்வீக ராகம்’ ஜென்சி பாடியது. ‘கோழி கூவுது’ படத்தின் ‘ஏதோ மோகம்’ பாடலில் எஸ். ஜானகியுடன் பாடியவர் கிருஷ்ணசந்தர். பாலசுப்ரமணியமும் ஜானகியும் பாடியவற்றில் நூறு பாடல்கள் தவறாகச் சொல்லப்பட்டாலும் அவர்களுடைய இடம் அசையாது. சில பாடல்களால் மட்டுமே நினைக்கப்படுகிறவர்களுக்கு ஒரு பாடல் பறிபோவது பெரிய இழப்பு.

இந்தப் பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் பார்க்கவேண்டும். விவித பாரதியிலும் இலங்கை வானொலியிலும் பாட்டுக்கு முன்போ பின்போ படத்தையும் பாடியவர்களையும், பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்களையும் சொல்லும் வழக்கம் இருந்தது. அறிவிப்பாளரின் கையில் இசைத்தட்டே இருந்தது; அதன் நடுவில் ஒட்டிய தாளில் விவரங்கள் இருந்தன. இன்றைய தொகுப்பாளரிடம் இருப்பது கணினியில் ஒரு கோப்பு. அது பெரும்பாலும், பல படங்களிலிருந்து பொறுக்கித் தொகுத்த ஒலிநாடா ஒன்றின் வழியாகவோ, யாரோ இணையத்தில் ஏற்றிய குறிப்பின் வழியாகவோ வந்தது. அங்கே ஒருமுறை புகுந்த பிழை பத்து இடங்களில் படியெடுக்கப்பட்டு, பத்து இடங்களில் இருப்பதனாலேயே உண்மை போலத் தோன்றுகிறது. படத்தின் டைட்டில் கார்டைப் பார்த்தால் பாதிப் பிழைகள் தீர்ந்துவிடும். ஆனால் பாடலாசிரியர்கள் பலர் எழுதிய படமானால், டைட்டில் கார்டு எல்லாப் பெயர்களையும் ஒன்றாகக் காட்டுமே தவிர, எந்தப் பாட்டு யாருடையது என்று சொல்லாது. அதற்குத் திரையரங்க வாசலில் விற்ற பாட்டுப் புத்தகமும் இசைத்தட்டும்தான் வேண்டும். அவற்றைத் தேடி வாங்கிச் சேர்த்து வைத்திருக்கும் எளிய ரசிகர்கள் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள்; வானொலி நிலையங்கள் அவர்களிடம் கேட்பதில்லை.

நீங்கள் எழுதாமல் விட்ட பிழை ஒன்று உண்டு, அது மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது என்று கருதுகிறேன். 1964இன் ஏழாம் இடம், மூன்றாம் இடம், முதலிடம் என்று அவர்கள் சொல்லும் எண்களுக்கு அடிப்படை என்ன? பிரிட்டனில் 1952 நவம்பர் 14 அன்று ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ இதழ், இசைத்தட்டுக் கடைகளைத் தொலைபேசியில் விசாரித்து, தன் முதல் விற்பனைப் பட்டியலை வெளியிட்டது. அமெரிக்காவில் ‘பில்போர்டு’ இதழின் நூறு பாடல் பட்டியல் 1958 ஆகஸ்டில் தொடங்கியது. அங்கேயும் பிழைகளும் சச்சரவுகளும் உண்டு. பீட்டில்ஸ் குழுவின் ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ 1963இல் சில இதழ்களின் பட்டியல்களில் முதலிடம் பெற்றது, ‘ரெக்கார்ட் ரீட்டெய்லர்’ பட்டியலில் இரண்டாம் இடத்தோடு நின்றது. பிற்காலத்தவர்கள் இந்தக் கடைசிப் பட்டியலையே அதிகாரபூர்வமாகக் கொண்டதால் அது முதலிடம் பெற்றதா இல்லையா என்று இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் வாதிடுவதற்கு அச்சிட்ட தாள் இருக்கிறது. இந்திப் பாடல்களுக்கும் இலங்கை வானொலியில் 1952இல் அமீன் சயானி தொடங்கிய பினாக்கா கீத்மாலாவின் வரிசைகள் உண்டு. தமிழ்த் திரைப்பாடல்களுக்கு 1964இல் அப்படி எல்லோரும் ஏற்றுக்கொண்ட வாராந்திர விற்பனைப் பட்டியல் எதுவும் இருக்கவில்லை.

ஆகவே அந்த எண்கள் இன்று உட்கார்ந்து போட்டவை. இன்று எந்தப் பாட்டு அதிகம் கேட்கப்படுகிறதோ அது அன்றும் முதலிடத்தில் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. ‘படகோட்டி’ 1964 தீபாவளிக்கு வந்த படம். அதன் பாடல்கள் ஊர் ஊராகப் பரவியது 1965இல்தான் இருக்கமுடியும். அந்த ஆண்டு மக்கள் கேட்டதையா, அந்த ஆண்டு வெளிவந்ததையா, இன்று நாம் விரும்புவதையா, எதைத் தரவரிசை காட்டுகிறது என்று நிகழ்ச்சியில் யாரும் சொல்வதில்லை. அன்று தெருவெல்லாம் ஒலித்து இன்று மறக்கப்பட்ட பாடல்களுக்கு இந்த முறையில் இடமே கிடைக்காது. இங்கேயும் நகர்வு அதே திசையில்தான்: இன்றைய புகழ் நேற்றைய வரலாறாகிறது. ‘எங்கள் நிலையம் தேர்ந்தெடுத்த பத்துப் பாடல்கள்’ என்று சொல்லி ஒலிபரப்பினால் நிகழ்ச்சியின் இனிமை சிறிதும் குறையாது, பொய்யும் இருக்காது.

நிலையத்துக்கு இன்னொரு முறை எழுதுங்கள். ஐந்து பிழைகளையும் ஒரே கடிதத்தில் அடுக்கினால் குற்றப்பத்திரிகை போலத் தோன்றும். ஒவ்வொன்றையும் தனித்தனியே, சான்றோடு அனுப்புங்கள். ‘படகோட்டி’க்கும் ‘புதிய பறவை’க்கும் படங்களின் டைட்டில் கார்டே போதும், அந்தப் பகுதியைப் படமெடுத்து அனுப்பலாம். தொகுப்பாளர்கள் பலர் இளைஞர்கள். கொடுத்த தாளைப் படிக்கிறார்கள், அந்தத் தாளைத் தயாரிப்பவர் வேறொருவர். கடிதம் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் பெயருக்குப் போகட்டும். தரவரிசை எதை வைத்துப் போடப்படுகிறது என்ற கேள்வியையும் மறவாமல் கேளுங்கள். வரும் பதிலை எனக்கும் அனுப்பினால் இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்.