கழுத்து எலும்புல கட்டி, கீமோல கரையாதா?

கேள்வி: அண்ணனுக்கு வயசு 54. ஒரு வருஷமா பிடரி வலி, தேய்மானம்னு காலர் போட்டுக்கிட்டு தைலம் தேய்ச்சே காலத்த ஓட்டிட்டாரு. இப்ப சோறு முழுங்க கஷ்டமாகி எம்ஆர்ஐ எடுத்தா, ரெண்டாவது கழுத்து எலும்புல கட்டி, கார்டோமாங்கிற அபூர்வ எலும்புப் புற்றுநோயா இருக்கலாம்ங்கிறாங்க. உடனே வாய் வழியா எடுத்துடலாம்ங்கிறார் ஒரு டாக்டர். கீமோ போதாதா?
- வாசகி, கரூர்

பதில்: கீமோவுக்கு மசியற கட்டி இல்லம்மா இது. கருவுல முதுகெலும்பு உருவாகுறதுக்கு முன்னாடி நோட்டோகார்டுனு ஒரு தண்டு இருக்கும், அதோட மிச்சம் எங்கயாவது ஒட்டிக்கிட்டு நின்னு பல வருஷம் கழிச்சு கட்டியாகுது, பத்து லட்சம் பேர்ல வருஷத்துக்கு ஒருத்தருக்குத்தான் வரும். மெதுவா வளர்றதால தேய்மானம் மாதிரியே ஏமாத்திடும்.

அவசரப்பட்டு யாரையும் கை வைக்க விடாதீங்க. நம்ம ஊர்ல டிபியும் முதுகெலும்ப அரிக்கும்ங்கிறதால ஊசி வச்சு கட்டியில கொஞ்சம் எடுத்துப் பாக்கற பயாப்ஸி வேணும்தான், ஆனா ஊசி போன பாதையில செல் சிந்துனா அங்கயும் முளைக்கும், அதனால ஆபரேஷன் பண்ணப்போற சர்ஜனே ஊசி எந்த வழியா போகணும்னு முடிவு பண்ணணும். கட்டிய உடைக்காம முழுசா எடுக்கறதுதான் ஆசை. ஆனா அந்த எலும்போட ரெண்டு பக்க ஓட்டை வழியாவும் மூளைக்கு ரத்தம் போற குழாய் ஓடுது, பின்னாடி தண்டுவடம், முன்னாடி தொண்டை, எல்லாருக்கும் முழுசா வராது. பெரும்பாலும் ரெண்டு கட்டமா செய்வாங்க: பின்பக்கமா மண்டையோட்டுலேருந்து கீழ்க்கழுத்து வரை ஸ்க்ரூ, ராடு போட்டு தாங்க வச்சிட்டு, அப்புறம் வாய் வழியாவோ தாடைக்கு கீழயோ கட்டிய எடுப்பாங்க. 2015ல சிட்னியில ரால்ஃப் மாப்ஸ்ங்கிற சர்ஜன் எடுத்த எலும்புக்கு பதிலா 3டி பிரிண்ட் பண்ண டைட்டானியம் எலும்பயே வச்சார், 15 மணி நேர ஆபரேஷன்!

அப்புறம் கொஞ்ச நாள் டியூப்லதான் சாப்பாடு, தொண்டையில ஓட்டை போட்டு மூச்சுக்குழாய் வைக்கவும் வேண்டி வரலாம். கழுத்து திரும்பறதுல பாதி அந்த மேல் மூட்டுலதான், அது போயிடும், யாராவது கூப்பிட்டா உடம்போட திரும்பித்தான் பாக்கணும், இத முன்னாடியே அண்ணன்கிட்ட சொல்லிடுங்க.

மிச்சம் மீதி கட்டிக்கு கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைப்பாங்க. புரோட்டான் கதிர்னா தண்டுவடத்துக்கு அடி குறைவு, சென்னை தரமணியில 2019லேருந்து இருக்கு, செலவுதான் அதிகம். கை கால் மரத்துப்போனா, மூச்சு திணறுனா மட்டும் ஒரு நாள் கூட தள்ளாதீங்க. போகும்போது ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, எம்ஆர்ஐ சிடியையும் கையோட கொண்டுபோங்க.