எழுதி அனுப்பினாலும் ஏன் போவதில்லை?

மனச்சோர்வுக்காக மனநலப் பிரிவுக்கு நீங்கள் எழுதி அனுப்பும் ஏழை நோயாளிகளில் பெரும்பாலோர் அங்கே போவதே இல்லை என்று கேட்டிருந்தீர்கள். அலட்சியம் என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் கூலியை இழந்து, தெரியாத இடத்தில் வரிசையில் நிற்க யாருக்குத்தான் மனம் வரும்? முடிந்தவரை உங்களிடமே வைத்துப் பாருங்கள்.

“உடம்பெல்லாம் வலி, தூக்கமில்லை” என்றுதான் வருவார்கள். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்கியூ-9 (PHQ-9) தாளைக் கையில் திணிக்காமல், செவிலியர் பக்கத்தில் அமர்ந்து வாசித்துக் கேட்கட்டும். மொத்த மதிப்பெண் 27க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் விரிவாகப் பேசிப் பார்த்துச் சிகிச்சையைத் தொடங்கலாம். கடைசிக் கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதற்கு ‘இல்லை’ தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், அவர் வீடு திரும்பும் முன்பே மருத்துவர் பேசியாக வேண்டும்.

பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இதற்குப் பிறகுதான். மனச்சோர்வு மாத்திரை பலன் தரத் தொடங்க 2 முதல் 4 வாரம் ஆகும். குமட்டலோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். நிறுத்திவிடுவார்கள். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, முதல் வாரமே ஒரு தொலைபேசி அழைப்பு செய்யுங்கள். வீட்டுக்கே ஒரே கைபேசி என்றால், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது என்று அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வருகையைச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வாங்கும் நாளிலேயே வைத்துவிட்டால் இன்னொரு நாள் கூலி போகாது.