கோட்டுக்கு வெளியே: விளையாட்டுப் படம் எடுப்பது பற்றிக் கேள்வி பதில்

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. 11 வருடமாகப் பாலக்காடு, கொச்சி மைதானங்களில் தடகளமும் கால்பந்தும் படமெடுக்கிறேன். நம் எல்லைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (வேலந்தாவளம், கல்லூரி மாணவி): அக்கா, ராத்திரி செவன்ஸ் ஆட்டம் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) எடுக்க ஆசை. வீட்டில் பயப்படுகிறார்கள். எடுத்த ஒன்றிரண்டு படமும் கறுத்துப்போய் வருகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் வீட்டுக் கவலையைப் பார்ப்போம், அது நியாயமானது. திரும்பி வரும் வண்டியை முடிவு செய்துவிட்டுத்தான் ஆட்டத்துக்குக் கிளம்ப வேண்டும். நான் தொடங்கிய வருடம் ஒரு மைதானத்தில், 'ஆட்டக்காரர் வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் காலரிக்குப் போங்க' என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கேமராவைக் காட்டியும் நம்பவில்லை. முதல் பாதி முழுவதும் வெளியே நின்று சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வந்த அழுகை இன்னும் நினைவிருக்கிறது. அதன்பின் மாலை நான்கு மணிக்கே போய்விடுவேன். கமிட்டிக்காரர்களிடம் பெயரைச் சொல்லி, உட்காரும் இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்வேன். பக்கத்து வீட்டு அம்மாவிடம் கழிப்பறைக்கும் கேட்டு வைத்துவிடுவேன். அறுப்பு முடிந்த வயலில் போடும் மைதானத்தில் அந்த வசதி இருக்காது.

இனி வெளிச்சம். ஷட்டர் வேகம் 1/1000 நொடி, லென்ஸ் திறப்பு எஃப் 2.8, வெளிச்சத்தை உணரும் அளவான ஐ.எஸ்.ஓ. 6400 வைத்துத் தொடங்குங்கள். படத்தில் புள்ளி புள்ளியாக வந்தால் பரவாயில்லை, அசைந்த படத்தைச் சரிசெய்யவே முடியாது. ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது பழுப்பாகவும் வந்தால் உங்கள் கை தவறல்ல. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பழைய மெட்டல் ஹாலைடு விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். கேமராவில் ஃப்ளிக்கர் (இந்த விளக்கு மினுக்கம்) குறைக்கும் வசதி இருந்தால் போட்டு வையுங்கள்.

கோல் கம்பத்துக்கும் கார்னருக்கும் நடுவில் தரையோடு உட்காருங்கள். செவன்ஸ் மைதானம் சின்னது, 70-200 மி.மீ. ஜூம் லென்ஸே போதும். இன்னொரு கண்ணையும் திறந்தே வையுங்கள், பந்து உங்கள் மேலேயும் வரும். காலும் பையும் கோட்டுக்கு வெளியே இருக்கட்டும். ஓடி வரும் பையன் உங்கள் பையில் தடுக்கினால் அவன் முழங்கால் போய்விடும்.

கேள்வி (நாட்டுக்கல்): எந்த கேமரா வாங்கலாம்?

பதில்: இருப்பதை வைத்து மூன்று பள்ளி விளையாட்டு மீட் எடுங்கள். அப்புறம் லென்ஸில் பணம் போடுங்கள்.

கேள்வி (சித்தூர்): 400 மி.மீ. லென்ஸைப் பெண்கள் தூக்க முடியுமா மேடம்?

பதில்: எஃப் 2.8 திறப்புள்ள புது லென்ஸ் மூன்று கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. நம் வீட்டுப் பெண்கள் இடுப்பில் சுமக்கும் குடம் அதைப்போல ஐந்து மடங்கு. ஒற்றைக்கால் ஸ்டாண்டு ஆண்களுக்கும் வேண்டும், எனக்கும் வேண்டும்.

கேள்வி (வண்ணாமடை): ஓட்டம் முடியும்போது முன்கால் கோட்டைத் தொடும் நொடியில் அழுத்தச் சொல்கிறார் எங்கள் மாஸ்டர். சரிதானே?

பதில்: இல்லை. தலை, கை, கால் எதுவும் கணக்கில்லை. நெஞ்சும் வயிறும் உள்ள நடு உடல் கோட்டை எட்டுவதுதான் முடிவு. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 நொடி, வெண்கலம் வாங்கியவர் 55.41. அந்த ஒரு நூறில் ஒரு பங்கு நெஞ்சு சாயும் இடத்தில்தான் இருக்கிறது. நேர் எதிரே உட்கார்ந்து, நெஞ்சு சாயும்போது அழுத்துங்கள்.

(அந்த மாஸ்டரே எழுதினார்: எதிரே உட்கார்ந்தால் யார் முந்தியது என்று எப்படித் தெரியும்? பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும்.)

பதில்: மாஸ்டர், முந்தியது யார் என்று சொல்ல ஃபோட்டோ ஃபினிஷ் கேமரா இருக்கிறது. அது கோட்டின் மெல்லிய கீற்றை மட்டும் விடாமல் பதியும். என் வேலை அந்த முகத்தை எடுப்பது.

(கோவிந்தாபுரத்திலிருந்து ஒருவர்: மாஸ்டர் சொல்வதே சரி. பக்கவாட்டில் எடுத்தால்தான் வேகம் தெரியும்.)

பதில்: அதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. 1/60 நொடியில் ஓட்டக்காரரோடு கேமராவையும் திருப்பினால் பின்னணி கோடு கோடாக இழுபடும், அருமையான படம். ஆனால் பத்தில் ஒன்றுதான் தேறும். பந்தயத்தின் முடிவு ஒரே தடவைதான் வரும், அங்கே அந்தத் துணிச்சல் வேண்டாம்.

கேள்வி (மீனாட்சிபுரம்): எந்த கேமரா நல்லது?

பதில்: மேலே நாட்டுக்கல்காரருக்குச் சொன்னதுதான்.

கேள்வி: ஃப்ளாஷ் போடலாமா?

பதில்: கூடாது. ஓட்டம் தொடங்கக் கால் ஊன்றும் ஸ்டார்டிங் பிளாக்கில் குனிந்திருப்பவர் கண்ணில் அடித்தால் அவருடைய ஒரு வருட உழைப்பு போச்சு. பை கோட்டுக்கு வெளியே, ஃப்ளாஷ் பைக்கு உள்ளே.

கேள்வி (வாளையார்): கல்யாணப் படத்துக்கு எவ்வளவு கேட்கலாம்?

பதில்: அது என் துறை இல்லை. ஊர் ஸ்டுடியோவில் கேளுங்கள்.

கேள்வி: பெண்கள் போட்டிப் படத்துக்குத்தான் லைக் அதிகம். எந்தக் கோணம் எடுபடும்?

பதில்: கேட்கும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஸ்டார்டிங் பிளாக்கில் இருக்கும் பெண்ணைப் பின்னாலிருந்து எடுக்காதீர்கள். நீளம் தாண்டி மணலில் விழும்போது உடை விலகிய படத்தை அங்கேயே அழியுங்கள். 2021ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனி ஜிம்னாஸ்டிக் பெண்கள் கணுக்கால் வரை மூடிய உடையில் இறங்கியது இப்படிப் பார்க்கும் கண்களுக்கு எதிராகத்தான். பள்ளி மீட்டில் சின்னப் பெண்கள் என்னைக் கண்டதும் தோளைத் தளர்த்திக்கொண்டு ஓடுவதைப் பார்க்கிறேன். அந்த நம்பிக்கையை எந்த லைக்குக்காகவும் விட மாட்டேன்.

(மாஸ்டர் மறுபடியும்: பக்கவாட்டுதான்.)

பதில்: சரி மாஸ்டர். ஞாயிறு காலை பாலக்காடு மெடிக்கல் காலேஜ் டிராக்குக்கு வாருங்கள். நீங்கள் பக்கவாட்டில், நான் எதிரில். ஓடும் பிள்ளைகளே படத்தைப் பார்த்துச் சொல்லட்டும். பை மட்டும் கோட்டுக்கு வெளியே.